உடற்கலை வாணர் கே.வி. ஐயர்

உடல் வலிமையைப் போற்றுதல் எம் மட்டக்களப்பு நாட்டார்க்குப் புதியதன்று. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டிலே, வடசேரி என்றும் தென்சேரி என்றும் ஊர் இரண்டாய்ப் பிரிந்து, கொம்போடு கொம்பு பூட்டிக் கயிறு பிடித்திழுக்கும் காட்சி எம் முன்னோர்க்குப் பெருவிருந்தாயிருந்தது. விடியுமுன் வாவியிலே வலைவீசுவோன் தோளும், படுவான்கரை வயலிலே கதிர்க்கட்டுச் சுமப்போன் புயமும் எவரும் கற்பியாமலே திரண்டவை. ஆயினும், வலிமையைப் போற்றிய அளவுக்கு வலிமையை முறையாகக் கற்பிப்போனை நாம் போற்றினோம் என்று சொல்லுதற்கில்லை. நேரசூசியிலே தேகாப்பியாசத்துக்கு உரிய பாடவேளை, சோதனை நெருங்குங்கால் முதலாவதாகப் பறிபோவதை யாவரும் அறிவர். அதனைக் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டு ஒருவன் மதிப்போடு வாழ முடியுமா என்னும் ஐயம் பெற்றோர் உள்ளத்தை விட்டு இன்னும் நீங்கியபாடில்லை. அவ்வையத்துக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரிலே எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பெங்களூர் கே.வி. ஐயர்.

கோலார் வேங்கடேச ஐயர் 1897 ஆம் ஆண்டு, அந்நாளைய மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்த கோலார் மாவட்டத்திலே தேவராயசமுத்திரம் என்னும் ஊரிற் பிறந்தார். அதே ஆண்டில் இலண்டன் மாநகரிலே இயூஜின் சாண்டோ என்பார் தமது உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார் என்பது ஒரு பொருத்தமான நிகழ்ச்சி. செருமனியிலே பிறந்து, மேடைகளிலே பெரும்பாரங்களைத் தூக்கிக் காட்டிப் பெயர்பெற்ற சாண்டோ, பின்னர் அக்காட்சித் தொழிலோடு நில்லாது கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டவர். சிறிய பாரக்கட்டைகளைக் கொண்டு, நாள்தோறும் அளவறிந்து பயின்றால், நோஞ்சானும் வலியனாகலாம் என்று அவர் நூலெழுதினார், சஞ்சிகை நடத்தினார், தபால்மூலமும் பாடங் கற்பித்தார். 1904, 1905 ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவிலே சுற்றுப்பயணஞ் செய்தபோது அவர் புகழ் பட்டிதொட்டி எங்கும் பரவிற்று. தமிழிலே அவர் பெயர் ஒரு பட்டமாகவே ஆயிற்று. கோயம்புத்தூரில் உடற்பயிற்சிசாலை நடத்திப் பின்னாளிலே திரைப்படத் தயாரிப்பிற் பெயர்பெற்ற சின்னப்பா தேவரைச் சாண்டோ என்ற அடைமொழியோடன்றி நம்மவர் குறிப்பிடுவதில்லை.

ஐயரின் இளமைக்காலத்திலே பாரதநாட்டில் மக்கள் மனத்தைக் கவர்ந்த வலிமையாளர் கோடி ராமமூர்த்தி நாயுடு. இரும்புச் சங்கிலியை மார்பு விம்மலால் அறுத்தும், யானையை மார்பின்மீது ஏறச் செய்தும் அவர் காட்டிய வித்தைகளைக் காண ஊரே திரண்டது. அவர் தமது சொந்த சர்க்கஸ் குழுவை நடத்திப் பெரும் பொருளும் ஈட்டினார். எனினும் கொட்டகை பிரிக்கப்பட்டபின் பார்த்தவர் கையில் எஞ்சியது வியப்பு ஒன்றே. ஐயர் தேர்ந்த வழி வேறு. தம்மைப் பார்ப்பவர் தம்மைப்போல் ஆகவேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்நோக்கத்தோடு 1922 ஆம் ஆண்டளவிலே பெங்களூரில் ஓர் உடற்பயிற்சிசாலையை நிறுவினார். நாளடைவில் அது ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் என்னும் பெயராற் புகழ்பெற்றது.

அக்காலத்தில் உடற்பயிற்சி என்றால் மற்போர்க் களரியே நினைவுக்கு வரும். களரியில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியன பயிலப்பட்டன. குருவுக்குக் காணிக்கை உண்டேயன்றி மாதச் சந்தா என்பதில்லை. மற்போர் புரியும் விருப்பமில்லாத எழுத்தரும் வக்கீலும் கல்லூரி மாணவரும் அங்கே செல்லக் கூசினர். ஐயரின் சாலையோ இத்தகையோர்க்கே வாயிலைத் திறந்தது. நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்யும் நகர மக்களின் உடல் தளர்வதைக் கண்டு, அதற்குப் பரிகாரம் அளிப்பதைத் தம் தொழிலாக அவர் வகுத்துக்கொண்டார். கட்டணம் பெற்றுக் கற்பித்தலை அவர் இழுக்கென்று கருதவில்லை. வைத்தியரும் வக்கீலும் தம் அறிவுக்கு ஊதியம் பெறும்போது, உடலைத் திருத்துவோன் மட்டும் கைகட்டி நிற்கவேண்டும் என்பது எந்த நியாயம்?

அவரது பயிற்சிமுறை மேல்நாட்டையும் கீழ்நாட்டையும் இணைத்த ஒன்று. பாரத்தண்டும் பாரக்கட்டையும் மேல்நாட்டிலிருந்து வந்தவை. தசைகளைத் தனித்தனியே இயக்கி அடக்கும் பயிற்சியும் அவ்வாறே வந்தது. இவற்றோடு யோகாசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். சூரிய நமஸ்காரத்தை ஒரு தேகாப்பியாசமாக நாடறியச் செய்தவர் மராட்டிய நாட்டு ஔந்து சமஸ்தானத்து அரசர். அதனைப் பெங்களூரிலே பாரப்பயிற்சியோடு இணைத்தவர் ஐயர். 1937 இல் அப்பொருள்பற்றித் தனி நூலும் வெளியிட்டார். இம்முயற்சிகளில் அவருக்குத் துணைநின்றவர்களில் ஒருவர் யோகாசாரியர் சுந்தரம். சுந்தர யோக சிகிச்சை என்னும் நூலால் தமிழ்மக்கள் நன்கறிந்தவர் இவர். இருவரும் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றிச் செய்துங் காட்டினர். இன்று யோகாசனம் உலகமெங்கும் உடற்பயிற்சி நிலையங்களிலே கற்பிக்கப்படுவதைக் காண்போர், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்னரே பெங்களூரில் அவ்விணைப்பு நிகழ்ந்ததை அறிந்து மகிழ்வர்.

ஒரு நகரத்துச் சாலை எத்துணை மாணவரைத்தான் கொள்ளும்? இதனை உணர்ந்த ஐயர் தபால்மூலக் கல்வியை மேற்கொண்டார். இம்முறையிலே, கற்க விரும்புவோன் தன் உயரம், நிறை, மார்பளவு முதலியவற்றை எழுதியனுப்புவான். அவனுக்கேற்ற பாடங்கள் படங்களோடு தபாலில் வந்துசேரும். பக்கத்திலே ஆசானின்றிப் பாரந் தூக்குவோன் தவறிழைத்து ஊறு படலாம் என்பது இம்முறையின் குறை. எனினும் உடற்பயிற்சிசாலை என்ற சொல்லையே கேளாத சிற்றூர் இளைஞனுக்கு இதுவன்றி வேறு வழியிருக்கவில்லை. 1930 இல் மசில் கல்ட் என்னும் நூலும், 1936 இல் பெர்பெக்ட் பிசீக் என்னும் படநூலும் வெளிவந்தன. அவற்றிலே தம் உடலின் புகைப்படங்களையே சான்றாக வைத்தார். மேல்நாட்டு உடற்பயிற்சிச் சஞ்சிகைகளும் அவர் படங்களை வெளியிட்டன. அடிமைப்பட்ட நாட்டின் மக்கள் மெலிந்தவர், ஆண்மை குன்றியவர் என்று ஆள்வோர் பேசித்திரிந்த காலம் அது. அவர்தம் சஞ்சிகையிலேயே ஒரு மைசூர் நாட்டார் திரண்ட தோளோடு நின்றது சிறிய செயலன்று.

தம் உடலழகைத் தாமே வியந்து எழுதும் வழக்கம் ஐயருக்கு இருந்தது. அடக்கத்தை அணியாகக் கொள்ளும் நம்மனோர்க்கு அது மிகையாகவே தோன்றும். யாமும் அதனைப் போற்றவில்லை. ஆயினும் அவர் விற்ற பொருளுக்கு அவர் உடலே மாதிரி என்பதையும், அம்மாதிரி நாள்தவறாத உழைப்பால் ஆயது என்பதையும் மறத்தல் ஆகாது. பொய்ம்மருந்து விற்போனும் விளம்பரஞ் செய்கின்றான். ஐயரோ தாம் செய்யாத எதனையும் பிறர்க்கு விதிக்கவில்லை.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு அவருக்குக் கிட்டிற்று. அவர் மாணவர் அனந்தராவ் என்பார் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலே உடற்பயிற்சி கற்பித்தார். அதே அரண்மனையிலேதான் 1930 களில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார்; பின்னாளில் உலகறிந்த பி.கே.எஸ். ஐயங்கார் பயின்றதும் அவரிடமே. 1940 ஆம் ஆண்டளவில் ஐயரின் சாலை பெங்களூரிலே வியாயாமசாலை என்னும் பெயரோடு சொந்தக் கட்டிடத்தில் அமைந்தது. பிறர் இகழ்ந்த தொழிலொன்று, கல்லும் சுண்ணமுமாய் நகரின் நடுவே நிமிர்ந்து நின்றது.

இவ்வளவோடு அவர் வரலாறு முடிந்திருப்பின், திறமைமிக்க ஒரு வாணிகரின் கதையாகவே அது எஞ்சும். அவர் பெருமை முழுதும் விளங்குவது இனித்தான். கன்னட நாடகத்தின் தந்தையெனப் போற்றப்படும் டி.பி. கைலாசம், தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர், ஐயரின் நெருங்கிய நண்பர். பாரத்தண்டுகள் கிடந்த அச்சாலை, நாடகமும் இலக்கியமும் பேசப்படும் அவையுமாயிற்று. ஐயரின் ஊக்கத்தால் ரவி கலாவிதரு என்னும் நாடகக் குழு இயங்கிற்று. கைலாசம் 1946 இல் மறைந்தபின் அவரைப்பற்றிய நினைவுகளை ஐயர் நூலாக எழுதினார். நாவலாசிரியராகவும் அவர் விளங்கினார். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தேவியும் நடனக்கலையில் வல்லவளுமான சாந்தலையைப்பற்றி அவர் எழுதிய சாந்தலா, கன்னட மக்கள் விரும்பிப் படித்த வரலாற்று நாவல்களுள் ஒன்று. இத்தாலியக் கலைஞன் ஒருவனைப்பற்றிய ரூபதர்சியும் அவர் எழுதியதே. மனித உருவின் செம்மையை வாழ்நாளெல்லாம் உடலிலே தேடியவர், அதனையே சிற்பத்திலும் நடனத்திலும் ஓவியத்திலும் தேடினார் என்பது எம் கருத்து.

1980 ஆம் ஆண்டு, ஏறத்தாழ எண்பத்து மூன்று வயதிலே, ஐயர் காலமானார்.

உடலை வளர்ப்போன் கல்வியில் மந்தன், நூலறிவுடையோன் உடலில் மெலியன் என்னும் பிரிவினை எம்மிடையே இன்றும் உண்டு. இம்மண்ணிலே பிறந்த விபுலானந்த அடிகளார் விஞ்ஞானமும் கற்று, 1947 இல் யாழ் நூலும் தந்து, அறிவுத்துறைகளுக்கிடையே மதில் இல்லையெனக் காட்டினார். உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையேயும் அம்மதில் வேண்டா என்பதற்கு ஐயர் சான்று. இன்று உடற்பயிற்சி நிலையம் நடத்துவது இளைஞர் பலர் நாடும் தொழிலாயிற்று. அதிலே இறங்க எண்ணும் எம் மாணவர் ஐயரிடம் கற்கவேண்டியவை சில உள. கற்பிப்பதைத் தாம் முதலிற் செய்தல் வேண்டும். வலியோரை மட்டும் சேர்த்துக் கொண்டாடாது, மெலிந்தோரை வரவேற்றல் வேண்டும். பெற்ற ஊதியத்துக்கு ஈடாக மாணவன் உடலில் மாற்றங் காட்டுதல் வேண்டும். பயிற்சிசாலையின் ஒரு மூலையிலே நல்ல நூல்களுக்கும் இடம் வைத்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தேகாப்பியாச ஆசிரியராக விழையும் மகனைத் தடுக்குமுன் இவ்வரலாற்றை ஒருகால் எண்ணிப்பார்ப்பாராக. பாடவேளையைப் பறிக்க எண்ணும் ஆசிரியப் பெருமக்களும் அவ்வாறே எண்ணுவாராயின், இதனை எழுதிய எம் முயற்சி பயனுற்றதாகும்.