மயிலம்மா: கிணற்று நீருக்காக கோகோ கோலாவை எதிர்த்த பழங்குடிப் பெண்

உங்கள் வீட்டுக் கிணறு உங்களுடையது. அதில் ஊறும் தண்ணீர் யாருடையது? பக்கத்து நிலத்துக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டு அதையும் சேர்த்து உறிஞ்சினால் சட்டம் யார் பக்கம் நிற்கும்? இந்தக் கேள்வி கேரள உயர் நீதிமன்றம் வரை போனதற்குப் பின்னால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி இருந்தார்.

மயிலம்மா 1937-ல் பாலக்காடு மாவட்டம் முதலமடையில் பிறந்தவர். எரவாளர் பழங்குடி. கல்யாணமாகி வந்த ஊர் பிளாச்சிமடை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. கணவர் இறந்த பிறகு வயல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

2000 மார்ச்சில் குடியிருப்புக்கு எதிரே 34 ஏக்கரில் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கிணத்துத் தண்ணி மாறிப்போச்சு என்றார்கள் மக்கள். சோறு சரியா வேகலை, குளிச்சா உடம்பு அரிச்சது. நல்ல தண்ணீர் தேடி நடந்தால் அன்றைய கூலி போச்சு. இந்தக் கணக்கு எந்த அரசு அறிக்கையிலும் எளிதில் கிடைக்காது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே போராட்டத்தைத் தொடங்கி வைத்தவர் சி.கே. ஜானு. நாள் தவறாமல் அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர் மயிலம்மா.

பெருமாட்டி ஊராட்சி 2003-ல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க, விவகாரம் நீதிமன்றம் போனது. 2003 டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: சட்டம் தடுக்காத வரை, நிலத்துக்காரர் தன் நிலத்தடி நீரை எடுக்கலாம். இந்தக் கருத்தின் வேர் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வரை போகிறது. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை நிறுவனம் எடுக்க அனுமதி கிடைத்தது. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான ஆளுக்கு 55 லிட்டரால் வகுத்துப் பாருங்க. சுமார் 9,000 பேரின் ஒரு நாள் தண்ணீர் அது.

ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டிருந்தது. 2007 ஜனவரி 6 அன்று மயிலம்மா இறந்தார்.

அவருக்குப் பிறகுதான் காகிதங்கள் வேகமாக நகர்ந்தன. 2010-ல் உயர்நிலைக் குழு, சேதம் சுமார் 216 கோடி ரூபாய் என்றது. 2011 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் கேரள சட்டமன்றம், இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017-ல் ஆலையைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் சொல்ல, உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அங்கே தீர்ப்பு வரவில்லை.