பட்டம் பெறாமல் பறந்தவர்

விமானியாக விரும்பும் பிள்ளை முதலில் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற வேண்டுமா, பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே பறக்கும் பயிற்சிக்குச் செல்லலாமா? மே மாதம் வந்தால் பல வீடுகளில் எழும் கேள்வி இது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்ற அவர், கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை பார்சி வணிகர். தாய் பிரெஞ்சுப் பெண்மணி. கோடைக்காலத்தில் குடும்பம் தங்கிய ஆர்டெலோ என்னும் கடற்கரை ஊரில், ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. அங்கே மணற்பரப்பில் இறங்கிய விமானங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்குப் பறப்பதே கனவானது.

இளைஞரானபோது கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க விரும்பினார். ஆனால், 1925இல் தந்தை அவரை இந்தியாவுக்கு அழைத்துக்கொண்டார். ஊதியமில்லாப் பயிற்சியாளராக டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை மறைந்தார். குடும்பப் பொறுப்பு 22 வயது இளைஞரின் தோளில் விழுந்தது; கேம்பிரிட்ஜ் கனவு அத்துடன் முடிந்தது.

பறக்கும் கனவு முடியவில்லை. பம்பாயில் பறக்கும் கழகம் தொடங்கியதும் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10 அன்று முதலாம் எண் உரிமம் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் ஆகா கான் போட்டியில் கலந்துகொண்டார். வழியில் எகிப்தில், தீப்பொறிச் செருகிகள் இல்லாமல் தவித்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியருக்குத் தம்மிடம் இருந்தவற்றைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்கே கிடைத்தது. பின்னாளில் அவர் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார்.

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் புஸ் மாத் விமானத்தை அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. ஓட்டிவந்தார். அங்கிருந்து சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். அந்தச் சேவையே 1946இல் ஏர் இந்தியாவாக உருவெடுத்தது. அந்த முதல் பயணத்தின் பொன்விழாவுக்காக 1982இல், 78ஆம் வயதில், அதே தடத்தில் அவர் மீண்டும் பறந்தார்.

இந்த வாழ்க்கையைச் சொல்லி, பட்டம் வீண் என்று வாதிடுவது எளிது. ஆனால் ஜே.ஆர்.டி. அப்படி நினைக்கவில்லை. கல்லூரிக் கல்வி கிட்டாமல் போனதை அவர் ஒரு குறையாகவே கருதினார். ஓயாத வாசிப்பால் அதை நிரப்ப முயன்றார். ஹோமி பாபாவின் முயற்சிக்குத் துணைநின்று, 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக வழிசெய்தவர்களில் அவரும் ஒருவர்.

இந்திய விதிகளின்படி வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 200 மணி நேரப் பறத்தல் அனுபவமும் வேண்டும். பட்டம் கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் டெல்டா நிறுவனமும் பட்டம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2022இல் கைவிட்டது. விமானத்தை ஓட்டப் பட்டம் தேவையில்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை.

என் கவலை வேறு. ஜே.ஆர்.டி. விமானி ஆகாமல் போயிருந்தாலும் அவரைத் தாங்க ஒரு தொழிற்குழுமம் இருந்தது. இன்று வீட்டை அடகுவைத்துப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு அந்தத் தாங்கல் இல்லை. மருத்துவப் பரிசோதனையில் ஒருமுறை தகுதி இழந்தால் உரிமம் இருந்தும் பறக்க முடியாது. வேலைவாய்ப்பு சுருங்கும் ஆண்டுகளில் உரிமம் பெற்றவர்களும் காத்திருக்க நேர்கிறது.

சேருமிடத்தில் இறங்க முடியாமல் போனால் செல்ல வேண்டிய மாற்று விமான நிலையத்தையும் அதற்கான எரிபொருளையும் கணக்கிட்ட பிறகே விமானி புறப்படுகிறார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குப் பட்டமும் அத்தகைய ஏற்பாடே. அதைப் பயிற்சிக்கு முன்பே பெற வேண்டும் என்பதில்லை. தொலைநிலைக் கல்வியில் பயிற்சியுடனோ பிறகோ படிக்கலாம். அந்தச் செலவையும் காலத்தையும் முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் பெற்றோருக்கு நான் சொல்லும் யோசனை.