ராபர்ட் மெக்காரிசன்

சர் ராபர்ட் மெக்காரிசன் (மார்ச் 15, 1878 - மே 18, 1960) அயர்லாந்தில் பிறந்த மருத்துவர், ஊட்டச்சத்து ஆய்வாளர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, தமிழ்நாட்டின் குன்னூரில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். மாவுச்சத்து மிகுந்து உயிர்ச்சத்துக் குறைந்த உணவு குடலை நோய்ப்படுத்தும் என்பதை விலங்கு ஆய்வுகள் மூலம் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் ஆவார்.

இளமையும் தொடக்கப் பணியும்

மெக்காரிசன் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் பயின்று 1900இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். சித்ரால், கில்கித் ஆகிய வடமேற்கு மலைப்பகுதிகளில் பணியாற்றினார். கில்கித்தில் முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தபோது, ஐயத்திற்குரிய நீரின் வண்டலைத் தாமே குடித்துச் சோதித்தார்.

அங்கு ஹன்சா மக்களிடையே செரிமானக் கோளாறு, குடற்புண், பெருங்குடல் அழற்சி ஆகியவை அரிதாக இருந்ததைக் கவனித்தார். முழுத்தானியம், காய்கறி, பழம், பால் ஆகியவை அவர்களது உணவாக இருந்தன. இதுவே பின்னாளைய ஆய்வுகளுக்குத் தூண்டுதலாயிற்று. எனினும் ஹன்சா மக்களின் நீண்ட ஆயுளைப் பற்றிப் பிற்காலத்தில் பரவிய கதைகள் உறுதிப்படுத்தப்படவில்லை.

குன்னூர் ஆய்வுகள்

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். குரங்குகளுக்கு உயர் அழுத்த நீராவியில் சூடாக்கி உயிர்ச்சத்து அழிக்கப்பட்ட அரிசி முதலிய உணவுகள் அளிக்கப்பட்டன. அவை பசியிழந்து, வயிற்றுப்போக்கும் சீதபேதியும் கண்டன. இறந்த விலங்குகளில் இரைப்பை விரிவு, குடற்சுவர் மெலிவு, பெருங்குடல் அழற்சி ஆகியவை காணப்பட்டன. இயற்கையான உணவு உண்ட குரங்குகள் நலமாக இருந்தன. இம்முடிவுகளை அவர் 1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சொற்பொழிவாக வழங்கினார். அதே ஆண்டில் குறைபாட்டு நோய்கள் குறித்த அவரது நூலும் வெளிவந்தது.

1923இல் அரசின் நிதி நெருக்கடியால் ஆய்வு நிறுத்தப்பட்டது. 1925இல் மீண்டும் தொடங்கிய இப்பணி, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டது இவரது புகழ்பெற்ற சோதனையாகும். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு சிறந்ததாகவும், தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவு மிகத் தாழ்ந்ததாகவும் அமைந்தன. மரவள்ளிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்ட எலிகளில் இரைப்பைப் புண் கூடுதலாகக் காணப்பட்டது. வயிறு நிரம்ப உண்டும் உடல் நலியும் ஏழைகளின் நிலையை இவ்வாய்வு வெளிப்படுத்தியது.

கருத்தும் அதன் எல்லையும்

மாவுச்சத்தை முற்றிலும் விலக்குமாறு மெக்காரிசன் கூறவில்லை. தவிடு நீக்காத தானியத்துடன் பால், கீரை, பழம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் காலத்தில் நியூயார்க்கில் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், தானியங்களை விலக்கி வாழைப்பழம் அளிக்கும் உணவுமுறையைச் சீலியாக் நோய்க்கு 1924இல் வெளியிட்டார். அந்நோய்க்குக் காரணம் மாவுச்சத்து அன்று, கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே என்பதைப் பின்னர் டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே காட்டினார். விலங்குகளில் கிடைத்த முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதால், குடல் நோயாளிகள் மருத்துவர் ஆலோசனையுடனேயே உணவை மாற்றுவது முறையாகும்.

இறுதிக் காலம்

1933இல் சர் பட்டம் பெற்ற மெக்காரிசன் 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1960இல் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவர் வளர்த்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.