மருத்துவச்சி சிபில் கார்த்திகேசு

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, சிம்பாங் பூலாய் வழியாகக் கீழே இறங்கினால் ஈப்போ நகரை அடையலாம். அந்நகரின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்குச் சிபில் கார்த்திகேசுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவரைப் போர்க்கால வீராங்கனை என்றே பலரும் அறிவர். அதற்கு முன்பே அவர் ஊரறிந்த மருத்துவச்சி என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிபில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்ராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியைச் சேர்ந்த குடும்பம் அது. தந்தை தோட்ட நிர்வாகி, தாய் மருத்துவச்சி. தாயின் தொழிலையே மகளும் விரும்பினார்; தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919-ஆம் ஆண்டு, தைப்பிங்கில் பிறந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். கார்த்திகேசு என்னும் பெயர் இவ்வாறு வந்ததுதான்.

அவர்களின் முதல் குழந்தை மைக்கல், பிறந்து ஒரு நாள்கூட முழுமையாக உயிர் வாழவில்லை. பிறர் குழந்தைகளைக் கையில் ஏந்துவதையே தொழிலாகக் கொண்டவருக்கு நேர்ந்த இழப்பு இது. ஆயினும், அவர் தம் பணியைக் கைவிடவில்லை. பின்னர் ஓல்கா, டோன் என இரு மகள்கள் பிறந்தனர். வில்லியம் என்னும் சிறுவனையும் தம்பதியர் தத்தெடுத்து வளர்த்தனர்.

1926-ஆம் ஆண்டு ஈப்போவில், புருவ்ஸ்டர் சாலையில் இருவரும் கிளினிக் ஒன்றை நடத்தத் தொடங்கினர். அக்காலத்தில் தோட்டத்து லயன் வீடுகளிலும் ஈயச் சுரங்கப் பகுதிகளிலும் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன. பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. எனவே, மருத்துவச்சிக்கும் இரவு பகல் என்பது கிடையாது. கொதிக்க வைத்த நீர், தூய துணி, தொப்புள்கொடியை வெட்டும் கத்தரிக்கோல் ஆகியவற்றின் தூய்மையில்தான் தாயின் உயிரும் சேயின் உயிரும் அடங்கியிருந்தன. சிபில் கண்டோனிஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். வலியில் துடிக்கும் சீனப் பெண்ணுக்கு அவளுடைய மொழியிலேயே ஆறுதல் சொல்லக்கூடிய தாதியர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பர்?

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியது. சிபிலின் குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. மலாய் மொழியில் பாப்பான் என்றால் பலகை. அங்கு, 74-ஆம் எண் கொண்ட கடைவீட்டில் ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்து வந்தார் சிபில். காயமுற்ற எதிர்ப்புப் படையினர் இரவு வேளையில் இரகசியமாக அங்கு வந்தனர். யார், எந்த இனம் என்று பாராமல் அவர் மருந்திட்டார். வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, பிபிசி செய்திகளைக் கேட்டு அவர்களுக்குத் தெரிவித்தார். ஜப்பானியர் ஆட்சியில் அது உயிரையே பறிக்கக்கூடிய குற்றமாகும்.

1943-ஆம் ஆண்டு கணவர் கைது செய்யப்பட்டார். அடுத்துச் சிபிலும் பிடிபட்டார். ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பித்தாய் அவரைக் கொடூரமாக வதைத்தது. சிகிச்சை பெற்றவர்களின் பெயர்களை அவர் சொல்ல மறுத்தார். சிறுமியான டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினர். அப்போதும் தாய் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. குழந்தை உயிர் பிழைத்தது. சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார்.

1945-ஆம் ஆண்டு போர் முடிந்து விடுதலையானபோது, அவரால் நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1947-ஆம் ஆண்டு அவரது துணிவுக்காக ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. தம் அனுபவங்களை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் அவர் மறைந்த பின்னரே, 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது.

வதைக்கப்பட்டபோது தாடையில் ஏற்பட்ட காயம் கடைசிவரை அவரை விடவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், தம் 48-ஆம் வயதில் பிரிட்டனில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், மறு ஆண்டு மார்ச் மாதம் கப்பலில் தாயகம் கொண்டுவரப்பட்டது. ஈப்போவில் உள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அவர் துயில்கிறார். அவர் கிளினிக் நடத்திய புருவ்ஸ்டர் சாலை இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என அழைக்கப்படுகிறது.