உரையாசிரியர் ஜான் லயன்ஸ்

நூலுக்கு மூலமும் உரையும் உண்டென்பது தமிழ் கற்போர் யாவரும் அறிந்ததே. மூலம் எத்துணைச் சிறப்புடையதாயினும், நல்லாசிரியர் ஒருவர் அதற்கு உரை வகுத்து விளக்காவிடின், பின்வருவோர்க்கு அது பூட்டிய பெட்டகமாகவே கிடக்கும். இலக்கணத்துக்கும் செய்யுளுக்கும் மட்டுமன்றி, கணிப்பொறியை நடத்தும் ஆணைகளுக்கும் அவ்வாறு உரை வகுத்தல் இயலும் எனக் காட்டியவர் ஒருவர் இருந்தனர். அவரே ஆஸ்திரேலியா தேசத்துப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் ஆவர். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிர்வகிக்கக் கற்கும் மாணவர் இந்நாளில் பலர். அவர்களுள் லயன்ஸின் பெயரை அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின் அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தேன்.

லயன்ஸ் 1937-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் நாள் பிறந்தனர். ஸிட்னி சர்வகலாசாலையில் பயின்று 1959-இல் முதல் வகுப்பில் தேறிப் பட்டம் பெற்றனர். பின்னர் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து, 1963-இல் டாக்டர் பட்டம் எய்தினர். அதன்பின் சில ஆண்டுகள் வட அமெரிக்காவிலே கழிந்தன. கானடாவில் டொரான்டோ நகரத்துக் கம்பெனி ஒன்றிலும், டல்ஹௌஸி சர்வகலாசாலையிலும், பிறகு ஐக்கிய நாடுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பரோஸ் என்னும் கணிப்பொறிக் கம்பெனியிலும் அவர் தொழில் புரிந்தனர். இங்ஙனம் வாணிகத்துறையையும் வகுப்பறையையும் ஒருங்கே அறிந்தவராய் 1972-இல் தாய்நாடு திரும்பி, ஸிட்னியிலுள்ள நியூ ஸௌத் வேல்ஸ் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தனர். அவ்விடத்தைவிட்டு வேறெங்கும் பணி நாடி அவர் பின்னர்ச் சென்றாரல்லர்.

அவர் கற்பித்த பாடங்களுள் ஒன்று இயங்குதளம் பற்றியது. இயங்குதளமாவது, கணிப்பொறியின் நினைவகம், தட்டு, அச்சுப்பொறி முதலிய உறுப்புக்களை ஒழுங்குபெற நடத்தி, அவற்றை ஒரே காலத்தில் பலர்க்கும் பங்கிட்டளிக்கும் ஆணைத்தொகுதியாம். அந்நாளில் பெருங் கம்பெனிகளின் இயங்குதளங்கள் லட்சக்கணக்கான வரிகள் கொண்டவை; ஒரு மாணவன் ஓராண்டு முயன்றாலும் படித்து முடியாதவை. ஆகவே ஆசிரியர்கள் கரும்பலகையிற் படம் வரைந்து கொள்கைகளைக் கூறுவர். மாணவர் அவற்றை எழுதிக்கொள்வர். மெய்யாகவே இயங்குகின்ற ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை படித்தறியும் பேறு மாணவர்க்குக் கிட்டுவதரிது. இக்குறையை லயன்ஸ் நன்குணர்ந்திருந்தனர்.

இஃது இவ்வாறாக, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்துப் பெல் ஆராய்ச்சிசாலையில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர் 1969-இல் தொடங்கி யூனிக்ஸ் என்ற சிறியதோர் இயங்குதளத்தை ஆக்கி வந்தனர். 1973-இல் அதன் பெரும்பகுதியை ரிச்சி வகுத்த ‘ஸி’ என்னும் மொழியில் மாற்றியெழுதினர். 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இருவரும் அதைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அக்கட்டுரை வெளிவந்தபின், யூனிக்ஸ் கடல்கடந்து ஸிட்னி வந்து சேர்ந்தது.

அது வந்த நிலைமையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். பெல் ஆராய்ச்சிசாலைக்கு உரிய தொலைபேசிக் கம்பெனி, 1956-இல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைபேசி முதலிய செய்தித் தொடர்பு ஒழிந்த பிற வாணிகங்களில் இறங்குவதற்கில்லை. ஆதலின் கல்விச்சாலைகளுக்கு அது யூனிக்ஸைச் சிறு தொகைக்கு மூல நிரலோடு கொடுத்தது. ஆனால் பழுது நேர்ந்தால் திருத்தித் தருவதாகவோ, ஐயம் நேர்ந்தால் விடையளிப்பதாகவோ பொறுப்பேற்கவில்லை. நள்ளிரவில் கணிப்பொறி நின்றுவிடின் அதன் நிர்வாகி யாரிடம் சென்று முறையிடுவது? முறையிடுதற்கு மூல நிரல் ஒன்றே உண்டு. அதனைப் படிக்கத் தெரிந்தவன் நிர்வாகியானான்; தெரியாதவன் கைபிசைந்து நின்றான். யூனிக்ஸை நிர்வகிக்கக் கற்பதும் அதன் மூலத்தைப் படிக்கக் கற்பதும் இவ்வாறு ஒன்றாயின.

இந்நிலையை லயன்ஸ் ஒரு வாய்ப்பாகக் கொண்டனர். யூனிக்ஸின் கெர்னல் எனப்படும் உட்கருவில், பி.டி.பி.-11/40 என்னும் கணிப்பொறிக்கு இன்றியமையாத பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே. ஒருவர் ஒரு பருவகாலத்தில் முற்றப் படித்தற்கு அஃது ஏற்ற அளவன்றோ? ஆகவே யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் வரிகளை நிரல்பட ஒழுங்குசெய்து, ஒவ்வொரு வரிக்கும் எண்ணிட்டு ஒரு புத்தகமாகவும், அவ்வெண்களைச் சுட்டி விளக்கும் உரையை மற்றொரு புத்தகமாகவும் தம் மாணவர் பொருட்டு ஆக்கினர். 1976-இல் அவை வகுப்பில் வழங்கின. 1977-இல் திருந்திய வடிவம் பெற்றன. மூலம் ஒன்று, உரை ஒன்று. இரண்டையும் அருகருகே விரித்துவைத்துப் படித்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை.

அவ்வுரையைத் துணைக்கொண்டு மூலத்தைப் படிக்கும் மாணவன் பெறும் பயனுக்குச் சில உதாரணங்கள் கூறுவேன். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவன், குழுவினர், பிறர் என்னும் மூவகையார்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூவகை உரிமை குறிக்கும் ஒன்பது அடையாளங்கள் உண்டு. ரூட் என்னும் தலைமைப் பயனர்க்கோ இவ்வடையாளங்கள் பெரும்பாலும் தடையாவதில்லை. இதனை விதியாக மனப்பாடம் செய்வோர் பலர். மூலத்தைப் படிப்பவனோ, உரிமையைச் சோதிக்கும் இடத்தில் பயனரின் எண் பூச்சியமாயின் சோதனையை நிறுத்தி வழிவிடுக என்னும் ஒரு சிறு நிபந்தனையைத் தன் கண்ணாற் காண்கிறான். எல்லையற்றதாகத் தோன்றிய அதிகாரம் சில வரிகளில் அடங்கியிருத்தலைக் கண்ட அவன், அற்பக் காரியங்களுக்கு ரூட் பெயரால் உள்நுழைய அஞ்சுவான். அவ்வச்சமே நிர்வாகிக்கு அறிவின் தொடக்கம்.

இன்னும் ஒன்று. கோப்பில் எழுதுமாறு ஆணையிட்டவுடனே யூனிக்ஸ் எப்பொழுதும் தட்டில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்திற் சிறிது நேரம் வைத்திருந்து பின்னரே எழுதும். ஆகையால் கணிப்பொறியை நிறுத்துமுன் ‘ஸிங்க்’ என்னும் ஆணையை இட்டு, நிலுவையிலுள்ளவற்றைத் தட்டுக்கு அனுப்புதல் வேண்டும். காரணம் அறியாதவன் இதனைச் சடங்காகச் செய்வான். அவசரம் நேர்ந்தால் விட்டும் விடுவான். மூலத்தைப் படித்தவன் விடமாட்டான். மின்சாரத்தைத் திடீரென்று துண்டிக்கலாகாது என்பதன் காரணம் இன்றைய லினக்ஸிலும் இதுவே. அவ்வாறே, இயங்கும் நிரல்களைப் பதியும் அட்டவணை ஆறாம் பதிப்பில் 50 இடங்களே கொண்டது. அவை நிரம்பியபின் புதிய நிரல் ஏன் தொடங்கவில்லை என்று மூலத்தைப் படித்தவன் திகைப்பதில்லை.

ஆறாம் பதிப்பில், ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை நடத்தும் பகுதியில், படிப்பவர்க்கு இது விளங்கவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை எனும் கருத்துடைய ஒரு சிறு குறிப்பை ஆக்கியோர் எழுதிவைத்திருந்தனர். லயன்ஸ் அவ்விடத்தைத் தாண்டிச் சென்றாரல்லர். தம் மாணவரை அங்கேயும் நிறுத்தி, நிகழ்வதை ஆராயச் செய்தனர். பிற்காலத்தில் ரிச்சி, அந்நாளில் தாங்களும் அதனை முற்ற உணர்ந்திருக்கவில்லை என ஒப்புக்கொண்டனர். அவ்வமைப்பும் ஏழாம் பதிப்பில் மாற்றப்பட்டது. பெரியோர் எழுதியதாயினும் விளங்காத இடத்தை விளங்கியதாக எண்ணி மேற்செல்லலாகாது என்னும் பாடம் இதனுள் அடங்கியுள்ளது.

இத்தகைய நூல் உலகெங்கும் தடையின்றிப் பரவியிருத்தல் வேண்டுமல்லவா? நிகழ்ந்தது வேறு. மூலம் கம்பெனிக்கு உரியது. ஆதலின் உரிமைப் பத்திரம் பெற்றவர்க்கு மட்டுமே அந்நூல் அளிக்கப்பட்டது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் பத்திரமோ, மூல நிரலை வகுப்பிற் பாடமாக வைத்தலையே விலக்கிற்று. யூனிக்ஸ் விலைபெறும் பொருளாகிவிட்டமையால் கம்பெனியார் அதனைக் காக்க முற்பட்டனர். அவர் பக்கத்தும் ஒரு நியாயம் உண்டு. பெரும்பொருள் செலவிட்டு ஆக்கியவர் அவர்களே. ஆயினும் மாணவர்க்கென்றே எழுதிய ஒரு நூல் மாணவர் கைக்கு எட்டாமற் போயிற்று. இது லயன்ஸுக்கு நேர்ந்த இழப்பு மாத்திரமன்று. ஒரு தலைமுறைக்கே நேர்ந்த இழப்பாம்.

ஆயினும் அந்நூல் மறையவில்லை. ஒருவரிடமிருந்த பிரதியை மற்றொருவர் ஒளிநகல் எடுத்தனர். அந்நகலிலிருந்து வேறொருவர் நகல் எடுத்தனர். நம் முன்னோர் ஏடு பார்த்து ஏடு எழுதியதுபோல, எழுத்து மங்கிய படிகள் கைக்குக் கை மாறி, தேசந்தோறும் சென்றன. ஏழாம் பதிப்பை வகுப்பில் விளக்கவொண்ணாத நிலையை உணர்ந்த ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், மாணவர் படித்தற்கென மினிக்ஸ் என்னும் புதிய இயங்குதளத்தைத் தாமே எழுதி 1987-இல் வெளியிட்டனர். அதனை வாங்கிப் பயின்ற ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் லினக்ஸ், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்னும் உரிமையோடு வெளிவந்தது. ஒரு வாயில் அடைபட, வேறொரு வாயில் இங்ஙனம் திறந்தது.

லயன்ஸ் நூலெழுதியதோடு அமைந்தாரல்லர். 1978, 1983, 1989 ஆகிய ஆண்டுகளில் பெல் ஆராய்ச்சிசாலைக்குச் சென்று தங்கி, யூனிக்ஸை ஆக்கியோரோடு கலந்து பணியாற்றினர். 1980-இல் இணைப் பேராசிரியராயினர். ஆஸ்திரேலிய யூனிக்ஸ் பயனர் சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்று, அதன் தலைவராகவும் விளங்கினர். ஒரு நிர்வாகி கண்ட பழுதையும் அதன் பரிகாரத்தையும் மற்றோர்க்கு உரைத்தற்கு அச்சங்கம் இடமாயிற்று. உதவியளிக்கும் கம்பெனி இல்லாதவிடத்து, நிர்வாகிகள் ஒருவர்க்கொருவர் துணையாதலன்றி வேறு வழி உண்டோ?

உடல்நலம் குன்றியமையால் 1995-இல் அவர் வேலையினின்றும் ஓய்வு பெற்றனர். அதற்குள் யூனிக்ஸின் உரிமை பல கை மாறிவிட்டது. நண்பர் பலர் முயன்று வேண்ட, அப்போதைய உரிமையாளர் இசைய, ஏறக்குறைய இருபதாண்டு மறைவில் வழங்கிய அந்நூல் 1996-இல் வெளிப்படையாக அச்சேறிற்று. தம் நூல் கடையில் விற்கப்படுதலை ஆசிரியர் நோயுற்ற காலத்திலேனும் காண நேர்ந்தது ஓர் ஆறுதல். 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள், தமது 61-ஆம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தனர். பழைய யூனிக்ஸ் பதிப்புக்கள் யாவர்க்கும் உரியனவாக 2002-இல் விடுவிக்கப்பட்டதை அவர் கண்டாரில்லை. அவர் பெயரால் நியூ ஸௌத் வேல்ஸ் சர்வகலாசாலையில் இயங்குதளத் துறைக்கு ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கல்விச்சாலையார் 2002-இல் அவர் நூலையே பாடமாக வைத்து, பின்னர் 2006-இல் ஆறாம் பதிப்பைத் தழுவிப் புதிதாக எழுதிய எக்ஸ்வி6 என்னும் சிறு இயங்குதளத்துக்கும் தாங்களே உரை எழுதினர். பல தேசத்து மாணவர் இன்றும் அதனைப் பயில்கின்றனர்.

மாணவ நண்பர்களே! லயன்ஸ் அரசரல்லர், போர் வென்றவரல்லர், பொருள் குவித்தவருமல்லர். பிறர் எழுதிய 9,000 வரிகளைத் தாம் பொறுமையோடு படித்து, பிறரும் படிக்கும்படி செய்த ஓர் ஆசிரியர். அவர் காலத்து மாணவர் மங்கிய நகல்களை இரவல் வாங்கிக் கற்றதைக் காட்டிலும் பன்மடங்கு இன்று நம் கைக்கு எளிதில் எட்டுகின்றது. லினக்ஸின் மூலம் முழுவதும் எவர்க்கும் திறந்தே கிடக்கின்றது. பூட்டில்லாத பெட்டகத்தைத் திறவாது விடுபவனுக்கு எந்த உரிமைப் பத்திரமும் தடையன்று. அவனுடைய சோம்பலே தடை. ரூட்டின் கடவுச்சொல் ஒருவன் கையிற் கொடுக்கப்படும்போது, பலருடைய உழைப்பும் கடிதங்களும் கணக்குகளும் அவனை நம்பி ஒப்படைக்கப்படுகின்றன. அந்நம்பிக்கைக்கு உரியவனாதற்கு, தான் இடும் ஒவ்வோர் ஆணையின் காரணத்தையும் அறிய முயலுதலே தக்க வழி. மூலத்தைப் படியுங்கள், விளங்கியதை அடுத்திருப்பவனுக்கு உரைத்திடுங்கள். ஜான் லயன்ஸ் செய்தது அவ்வளவே.