ஒரு குப்பிக்காகப் பழி சுமந்த ஹாஃப்கின்

புது தில்லி: காலராவுக்கும் பிளேக் நோய்க்கும் தடுப்பூசி கண்டு, இந்தியாவில் எண்ணற்ற உயிர்களைக் காக்க வழிவகுத்தவர் வால்டெமர் ஹாஃப்கின். ஒரே ஒரு மருந்துக் குப்பியில் புகுந்த கிருமிக்காக இதே மண்ணில் ஐந்து ஆண்டுகள் பழி சுமந்தவரும் அவரே.

ரஷியப் பேரரசின் ஒடெஸா நகரில் 1860-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1892-ல் காலரா தடுப்பூசியை உருவாக்கித் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். 1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கிய அவர், சில மாதங்களிலேயே அதற்கும் தடுப்பூசி கண்டார். 1897 ஜனவரி 10-ல் அதையும் முதலில் தமக்கே செலுத்திச் சோதித்தார். 1899-ல் பரேலில் உள்ள பழைய ஆளுநர் மாளிகைக்கு அவரது ஆய்வகம் மாறியது.

முல்கோவால் துயரம்

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) 107 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஐந்து குப்பிகள் பயன்பட்டன. அவற்றுள் ஒரு குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேரும் டெட்டனஸ் கண்டு இறந்தனர். மற்ற நான்கு குப்பிகளால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதைக் கைவிட்டு, வெப்பத்தால் கிருமி நீக்கும் முறைக்கு ஹாஃப்கின் மாறியிருந்தார். ஆய்வகத்திலேயே குப்பி மாசுபட்டது என அரசு அமைத்த விசாரணைக் குழு முடிவு கட்டியது. அவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு இந்தியாவை விட்டு வெளியேறினார். பஞ்சாபில் தடுப்பூசித் திட்டமும் முடங்கியது.

ஆனால், சாட்சியங்கள் வேறு திசையைக் காட்டின. குப்பியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை முறையாகக் கிருமிநீக்கம் செய்யாமலேயே மீண்டும் பயன்படுத்தினார். ஆய்வகத்திலேயே கிருமி புகுந்து வாரக்கணக்கில் வளர்ந்திருந்தால் மருந்து நாறியிருக்கும். அத்தகைய நாற்றம் எதுவும் இல்லை.

மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907-ல் லண்டன் டைம்ஸ் நாளேட்டின் மூலம் நீதி கோரினர். அவ்வாண்டே பழி நீங்கியது. ஹாஃப்கின் கல்கத்தா திரும்பினார். எனினும் தாம் நிறுவிய பம்பாய் ஆய்வகத்தின் தலைமை அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. 1914-ல் ஓய்வு பெற்றார். 1925-ல் அந்த ஆய்வகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். 1964-ல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்றைக்கும் பாடம்

இன்று மருத்துவமனைகளில் சிரை வழியே மருந்தேற்றும் குழாய்கள் கிருமி நீக்கப்பட்டு, உறையிட்டே வருகின்றன. ஆயினும் கழுவாத கை, சரியாகத் துடைக்காத தோல், குழாயின் இணைப்பு முனை ஆகியவற்றின் வழியே கிருமி நுழைந்து குழாயின் சுவரில் ஒட்டிப் பெருகி, ரத்தத்தில் கலக்கிறது. ஆய்வகத்தின் தூய்மை, குப்பியைத் திறக்கும் கை வரை நீடிக்க வேண்டும். பழியும் உண்மைச் சான்றைத் தொடர்ந்தே செல்ல வேண்டும். முல்கோவாலில் இரண்டுமே தவறின. முதல் தவறு 19 உயிர்களைப் பறித்தது. இரண்டாவது தவறு, உயிர் காத்தவரின் ஐந்து ஆண்டுகளைப் பறித்தது.