வெற்றி மலர்களை அன்னையின் பாதத்தில் வைத்தவர்



1938ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31ஆம் திகதி. பாரிஸ் மாநகரின் பார்க் டே பிரின்ஸ் மைதானத்தில் மக்கள் வெள்ளம். ஏறக்குறைய 4,700 கிலோமீற்றர் தூரம், பிரான்ஸ் நாட்டை வலம்வந்து ஓடி முடித்த துவிச்சக்கர வண்டி வீரர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைகின்றனர். மஞ்சள் நிற மேலங்கி அணிந்த இத்தாலிய இளைஞர் ஒருவரின் கரங்களில் மலர்ச்செண்டு கொடுக்கப்படுகின்றது. அவருக்கு வயது இருபத்து நான்கு. ஒலிவாங்கி அவர் முன் நீட்டப்படுகின்றது. அந்தக் கணத்தில் அவர் என்ன சொல்ல வேண்டும் என்பது உரோமாபுரியில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். இத்தாலிய வீரர் எவரும் வெளிநாட்டில் வென்றால், அவ்வெற்றியைத் தலைவர் முசோலினியின் திருவடிக்கு அர்ப்பணிப்பதே அன்றைய வழக்கம். ஆனால் ஜீனோ பார்த்தாலி அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை.

ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவதில் என்ன இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம். அதை விளங்கிக்கொள்ள அக்காலத்தைச் சற்று நோக்க வேண்டும்.

முதலாம் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் விளையாட்டு வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. 1934இல் உலகக்கிண்ண உதைபந்தாட்டப் போட்டியைத் தன் மண்ணில் நடத்தி வென்ற இத்தாலி, அதைப் பாசிசத்தின் வெற்றியாகவே உலகுக்குக் காட்டியது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் விழா ஹிட்லரின் ஆட்சிக்கு ஒரு மாபெரும் அலங்கார மேடையாயிற்று. 1938ஆம் ஆண்டின் கோடைகாலமோ இவையெல்லாம் ஒன்றாகக் குவிந்த காலம். மே 14ஆம் திகதி பெர்லினில் விளையாடிய இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியினர், தங்கள் அதிகாரிகளின் பணிப்பின்படி, ஆட்டம் தொடங்குமுன் கையை உயர்த்தி நாற்சி வணக்கம் செலுத்தினர். ஜூன் 5ஆம் திகதி மார்செய் நகரில் இத்தாலிய அணி பாசிச வணக்கம் செலுத்தியபோது, நாட்டைவிட்டு ஓடி வந்து அங்கே வாழ்ந்த பாசிச எதிர்ப்பாளர்கள் கூச்சலிட்டனர். பயிற்றுநர் வித்தோரியோ பொத்சோ, கைகளை இறக்கிய வீரர்களை மீண்டும் உயர்த்தச் செய்தார். ஜூன் 12ஆம் திகதி பிரான்ஸ் அணியை எதிர்கொண்டபோது இத்தாலியர் தம் வழமையான நீலச் சட்டையை விட்டுக் கறுப்புச் சட்டை அணிந்து களமிறங்கினர். கறுப்புச் சட்டை பாசிசக் கட்சியின் சீருடை என்பதை அறியாதவர் அன்று இல்லை. ஜூன் 19ஆம் திகதி ஹங்கேரியை 4-2 என வென்று அவர்கள் உலகக்கிண்ணத்தை மீண்டும் கைப்பற்றினர்.

இதற்கு ஆறு வாரங்களின் பின் பாரிஸ் மைதானத்தில் நின்றவர்தான் நம் பார்த்தாலி. அவர்மீது எத்துணை பாரம் சுமத்தப்பட்டிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

புளோரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொன்தே ஆ ஏமா என்னும் சிற்றூரில் 1914 ஜூலை 18ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை தொரெல்லோ நாட்கூலித் தொழிலாளி. செல்வம் என்று சொல்ல அவ்வீட்டில் ஒன்றுமில்லை; செபம் மட்டும் குறையாமல் இருந்தது. சிறுவனாகத் துவிச்சக்கர வண்டி திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த ஜீனோ, அங்கேதான் சக்கரங்களோடு உறவாடக் கற்றுக்கொண்டார். பத்து வயதளவில் கத்தோலிக்க செயற்பாட்டு இயக்கத்தில் அவர் இணைந்தார். அந்த இயக்கம் முசோலினியின் கண்ணில் முள்ளாக இருந்தது. இளைஞரின் உள்ளங்கள் முழுவதும் அரசுக்கே உரியவை என்று கருதிய அவர், 1931இல் கத்தோலிக்க இளைஞர் மன்றங்களைக் கலைக்க உத்தரவிட்டார். பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சுற்றுமடல் எழுதி அதைக் கண்டித்தார். வழமையாக இலத்தீனில் எழுதப்படும் சுற்றுமடல், இம்முறை எல்லோருக்கும் விளங்கும்படி இத்தாலிய மொழியிலேயே எழுதப்பட்டது. அப்போது ஜீனோவுக்கு வயது பதினாறு. அவர் தம் பதக்கத்தைச் சட்டையிலிருந்து கழற்றவில்லை. பின்னாளில் பந்தயங்களின்போதும் தம்மை அவ்வியக்கத்தின் உறுப்பினராகவே காட்டிக்கொண்டார்.

1936இல் இத்தாலியைச் சுற்றிவரும் பெரும் பந்தயமான ஜீரோ தித்தாலியாவை அவர் வென்றார். வெற்றிக் களிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அதே ஜூன் மாதத்தில், அண்ணனைப் போலவே பந்தய வீரராகும் ஆசையோடு ஓடிய இளைய சகோதரர் ஜூலியோ, பந்தயம் ஒன்றில் மோட்டார் வண்டியோடு மோதி உயிர்நீத்தார். ஜீனோ ஓட்டத்தை அடியோடு விட்டுவிட எண்ணினார். தம்பியை இந்த வழிக்கு இழுத்து வந்தவன் நான் அல்லவா என்ற எண்ணம் ஒருவரின் இதயத்தை எவ்வாறு அறுக்கும் என்பதைச் சொந்தச் சகோதரரை இழந்தவர்கள் அறிவார்கள். அந்த இருளில் அவர் கார்மேல் சபையின் மூன்றாம் சபையில் பொதுநிலை உறுப்பினராகச் சேர்ந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் அவருடைய பாதுகாவலியானார். பின்னர் அவர் மீண்டும் வண்டியில் ஏறினார். 1937இல் ஜீரோவை மறுபடியும் வென்றார்.

அதே ஆண்டு பிரான்ஸ் பந்தயத்தில் மஞ்சள் அங்கியை அணிந்திருந்த வேளையில், அல்ப்ஸ் மலைப் பாதையில் பாலம் ஒன்றிலிருந்து குளிர்ந்த ஓடையில் விழுந்தார். காயமும் காய்ச்சலுமாகச் சில நாட்கள் தொடர்ந்து ஓடினார். அவர் தொடர விரும்பியபோதும் இத்தாலியக் கூட்டமைப்பின் கட்டளையால் விலக நேர்ந்தது. மறு ஆண்டு, 1938இல், அவருக்கு மிகப் பிரியமான ஜீரோவில் கலந்துகொள்ளவே அனுமதியில்லை. பிரான்ஸ் மண்ணில் வெல்வதற்காக உடலைச் சேமித்து வைக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. உதைபந்தாட்டத்தில் உலகக்கிண்ணம், சைக்கிள் ஓட்டத்தில் மஞ்சள் அங்கி: இரண்டும் ஒரே கோடையில் வேண்டும் என்பதே திட்டம். இவ்வாறு ஒரு மனிதரின் கால்கள் அரசின் சொத்தாயின.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் கூறிவிட வேண்டும். பார்த்தாலி ஒரு புரட்சிக்காரர் அல்லர். ஜீரோவில் ஓடாதே என்றபோது மனக்கசப்போடு பணிந்தார். இத்தாலியின் நிறங்களை அணிந்து இத்தாலிக்காகவே ஓடினார். அவரை மேடையேறி முழங்கிய எதிர்ப்பு வீரராகச் சித்திரிப்போரும் உண்டு. அது உண்மையைவிட ஒரு படி அதிகம். அவர் பணிந்த இடங்கள் பல. பணியாத இடம் ஒன்று இருந்தது என்பதுதான் நம் கதை.

ஜூலை 22ஆம் திகதி, டீஞ்ஞில் தொடங்கி பிரியான்சோனில் முடியும் நீண்ட மலைப் பாதை. அலோஸ், வார், இஸுவார் என்னும் மூன்று உயர்ந்த கணவாய்கள். அதுவரை முன்னணியில் இருந்தவர் பெல்ஜியத்தின் பெலிசியன் வெர்வெக். அன்று பார்த்தாலி மற்றவர்களைப் பின்னே விட்டு, ஐந்து நிமிடத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தனியே வந்து சேர்ந்தார். மஞ்சள் அங்கி அவருடையதாயிற்று. பாரிஸை அடைந்தபோது இரண்டாம் இடம் பெற்ற வெர்வெக்கைவிட 18 நிமிடம் 27 செக்கன்கள் முன்னிலையில் இருந்தார்.

இந்த ஓட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஜூலையின் நடுப்பகுதியில், இத்தாலியர் ஒரு தூய இனத்தவர் என்றும் யூதர் அவ்வினத்தைச் சேர்ந்தவரல்லர் என்றும் கூறும் இனவாத அறிக்கை உரோமாபுரியில் வெளியானது. ஆகவே பாரிஸில் வெல்லும் வீரர் வெறும் வீரர் அல்லர். அந்த இனத்தின் வலிமைக்கு உயிருள்ள சான்று. உலகம் பார்க்க, அவர் வாயாலேயே அது தலைவருக்குக் காணிக்கையாக வேண்டும்.

அவர் நன்றி கூறினார். தலைவரைக் குறிப்பிடவில்லை. அதன் பின் தம் மலர்ச்செண்டை எடுத்துக்கொண்டு பாரிஸிலுள்ள வெற்றிகளின் அன்னை ஆலயத்துக்குச் சென்று, மரியன்னையின் பாதத்தில் வைத்தார். எத்தனையோ ஆலயங்கள் நிறைந்த நகரில் ஏன் இந்த ஆலயம்? சிறுமி தெரேசா கடும் நோயுற்றுக் கிடந்தபோது, அவர் தந்தை இந்த ஆலயத்தில்தான் நவநாள் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கச் செய்தார். அந்நாட்களில், 1883 மே 13ஆம் திகதி, அன்னையின் திருச்சுருபம் தன்னை நோக்கிப் புன்னகைத்ததாகவும் தான் நலம் பெற்றதாகவும் தெரேசம்மாள் எழுதியிருக்கின்றார். 1887இல் உரோமைக்கு யாத்திரை செல்லும் வழியிலும் அவர் இங்கு வந்து செபித்தார். தம்பியை இழந்த துயரில் தம்மைத் தாங்கிய புனிதையின் தடம் பதிந்த இடத்துக்கே அவ்விளைஞர் போனார் என்பதை அறியும்போது, அந்த மலர்களின் பொருள் நமக்கு விளங்கத் தொடங்குகின்றது.

ஆட்சியாளருக்கும் விளங்கியது. ஆகஸ்ட் மாதத்தில், பார்த்தாலியைப் பற்றி எழுதும்போது அவருடைய விளையாட்டைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும், தனி வாழ்வைப் பற்றி எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கு அரசின் பணிப்புரை சென்றது. அந்தத் தனி வாழ்வு என்பது அவருடைய விசுவாசம்தான். ஒரு மனிதர் ஆலயத்தில் வைத்த பூக்களை நினைத்து ஒரு பேரரசு அஞ்சியது விந்தையல்லவா?

இவர் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு மே மாதம் ஹிட்லர் உரோமைக்கு வந்தபோது, பாப்பரசர் வத்திக்கான் நூதனசாலைகளை மூடச் செய்து, கஸ்தெல் கண்டோல்போவுக்குச் சென்றுவிட்டார். மே 9ஆம் திகதி ஹிட்லர் புளோரன்ஸுக்கு வந்தார். ஊரெங்கும் கொடிகள், தோரணங்கள். பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் இல்லத்தில் மட்டும் சாளரங்கள் சாத்தப்பட்டிருந்தன, அலங்காரம் ஏதுமில்லை. வரவேற்பு விழாவுக்கும் அவர் செல்லவில்லை. சாத்திய சாளரம், சொல்லாத பெயர்: மேய்ப்பரும் ஆடும் ஒரே மொழி பேசினர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1940 நவம்பரில் ஜீனோ, ஆத்ரியானாவை மணந்தபோது திருமணத்தை ஆசீர்வதித்தவர் இதே கர்தினால். 1943 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் இத்தாலியை ஆக்கிரமித்து, யூதரை வேட்டையாடத் தொடங்கின. அவர்களைக் காப்பாற்ற மறைமுகமாகப் பணியாற்றிய கர்தினால், பார்த்தாலியை அழைத்து உதவி கேட்டார். அக்காலத்தில் வீதியில் எவரும் தடுத்து நிறுத்தப்படலாம். ஆனால் தன் பெயர் பொறித்த சட்டையணிந்து பயிற்சி ஓட்டம் ஓடும் பிரபல வீரரைச் சந்தேகிப்பார் யார்? வண்டியின் சட்டகக் குழாய்க்குள்ளும் இருக்கைக்கு அடியிலும் நிழற்படங்களையும் போலி அடையாளப் பத்திரங்களையும் சுருட்டி வைத்துக்கொண்டு, புளோரன்ஸுக்கும் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அசிசிக்கும் இடையே அவர் ஓடினார். அரசு தன் புகழுக்காக வளர்த்த அதே கால்கள், அது கொல்லத் தேடியவர்களுக்காக ஓடின. புளோரன்ஸில் ஒரு யூதக் குடும்பத்தை நிலவறையில் ஒளித்துவைத்தும் காத்தார். 1944இல் பாசிச விசாரணையாளரிடம் அகப்பட்டுத் துன்பமிகு நாட்களைக் கழித்தார்.

இவற்றை அவர் ஊரறியப் பேசவில்லை. மகனிடம்கூடச் சிறிது சிறிதாக, அதுவும் வெளியே சொல்லாதே என்ற கண்டிப்போடுதான் கூறினார். அவ்வாறு மறைக்கப்பட்டதாலேயே, அசிசிப் பயணங்களின் விபரங்களை அண்மைக்காலத்தில் சில வரலாற்றாசிரியர்கள் கேள்விக்குட்படுத்தியும் உள்ளனர். சாட்சியங்களை ஆராய்ந்த எருசலேமின் யாட் வாஷெம் நிறுவனம், கர்தினால் தல்லா கோஸ்தாவை 2012இலும் பார்த்தாலியை 2013இலும் நாடுகளின் நீதிமான்கள் வரிசையில் சேர்த்தது.

போர் அவருடைய சிறந்த ஆண்டுகளைத் தின்றுவிட்டது. எனினும் 1948 ஜூலையில், முப்பத்து நான்கு வயதில், பிரான்ஸ் பந்தயத்தை அவர் இரண்டாம் முறையாக வென்றார். அந்த ஓட்டத்தின் நடுவே, ஜூலை 14ஆம் திகதி, கம்யூனிஸ்ட் தலைவர் தொலியாத்தி சுடப்பட்டு இத்தாலி கொந்தளித்தது. பார்த்தாலி அப்போது இருபது நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். பிரதமர் தெ கஸ்பெரி தொலைபேசியில் அழைத்து வெற்றிபெற வேண்டினார் என்பர். அதன்பின் தொடர்ந்து மூன்று கட்டங்களை அவர் வென்றார். அவ்வெற்றி உள்நாட்டுப் போரைத் தடுத்தது என்பது மிகைக்கூற்று. கொதித்த மக்களின் மனத்தைச் சற்று வேறுபக்கம் திருப்பியது என்பது மெய். இம்முறையும் ஆட்சியிலிருந்தோர் அவரிடம் வெற்றியைக் கேட்டார்கள். ஆனால் வணக்கத்தைக் கேட்கவில்லை.

2000ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி புளோரன்ஸில் அவர் இறைவனடி சேர்ந்தார். மஞ்சள் அங்கியை அல்ல, கார்மேல் மூன்றாம் சபையின் ஆடையையே உடுத்தி அவரை அடக்கம் செய்தார்கள். பொன்தே ஆ ஏமாவின் மயானத்தில் அவர் துயில்கின்றார்.